திமிங்கிலத்தின் குரலும் ஒரு செல்லோவும்

செல்லோ என்ற வாத்தியத்தைப் பெயர் தெரியாமலேயே நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். இளையராஜாவின் பாட்டுகளில் சரணத்துக்கு முன்னால் வயலின்கள் மேலே பறந்துகொண்டிருக்கும்போது, அடியில் கனமாக ஒரு குரல் நகர்ந்துகொண்டிருக்குமே, அதுதான். வயலினுக்குப் பெரியண்ணன். தோளில் வைக்க முடியாது. நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வைத்து வாசிக்க வேண்டும். அதன் அடித் தந்தி ஏறத்தாழ 65 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. ஒப்பிட்டுச் சொன்னால், நான் 34 ஆண்டு குப்பை கொட்டிய தொலைபேசித் துறையில் ஒரு சாதாரண லைன் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். செல்லோவின் கீழ்ப்பாதிக் குரல் எங்கள் கம்பியில் ஏறாது. ஓய்வு பெற்ற பிறகு நல்ல ஹெட்ஃபோன் ஒன்று வாங்கிக்கொண்டு, ஆயுள் முழுக்க என் லைனில் வராத சத்தங்களைத் தேடித் தேடிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அப்படிக் கிடைத்ததுதான் இன்று சொல்லப்போகும் கதை. செல்லோவில் ஆரம்பித்தாலும், கதை ஒரு கடற்படை ஒலிப்பதிவு நிலையத்தில்தான் தொடங்குகிறது.

பெர்முடா என்பது அட்லாண்டிக் கடலில் அமெரிக்காவுக்குக் கிழக்கே இருக்கும் சிறு தீவுக்கூட்டம். பனிப்போர்க் காலத்தில் அமெரிக்கக் கடற்படை அங்கே கடலுக்கடியில் ஹைட்ரோஃபோன்களை, அதாவது நீரில் கேட்கும் மைக்குகளை, இறக்கி வைத்திருந்தது. கடலில் ஆழமான ஓர் அடுக்கில் ஒலி மேலும் போகாமல் கீழும் போகாமல் ஒரு குழாய்க்குள் போவதுபோல ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போகும். காற்றில் வினாடிக்கு 340 மீட்டர் போகிற ஒலி, கடல்நீரில் சுமார் 1500 மீட்டர் போகும். இதை வைத்து நீருக்கடியில் நடக்கும் வெடிகளையும் வேறு பல சங்கதிகளையும் கேட்பதுதான் அந்த நிலையத்தின் வேலை.

ஃபிராங்க் வாட்லிங்டன் என்ற பெர்முடாக்காரர் அங்கே பொறியாளர். 1950களிலிருந்தே அவருடைய நாடாக்களில் கேட்க வேண்டியதோடு சேர்ந்து கேட்க வேண்டாத ஒன்றும் பதிவாகிக்கொண்டிருந்தது. முனகல், ஊளை, கதவு கிறீச்சிடுவது போன்ற சத்தம், மறுபடி முனகல். அது கூனல் முதுகுத் திமிங்கிலத்தின் குரல் என்று கண்டுகொண்டவர், அதை வெளியே சொல்லவில்லை. காரணம் எளிமையானது. திமிங்கில வேட்டைக்காரர்களுக்கு இந்தக் குரல் தெரிந்தால், அதை வைத்தே தேடிப்பிடித்துக் கொன்றுவிடுவார்கள் என்று பயந்தார். எங்கள் துறையில் எத்தனையோ பேர் லைனில் காதில் விழுந்ததையெல்லாம் டீக்கடையில் வந்து சொல்வார்கள்; இந்த மனிதர் ஆண்டுக்கணக்கில் வாயைத் திறக்கவில்லை. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த ஆள் இவர்தான்.

அவர் பயந்ததில் அர்த்தம் இருந்தது. இருபதாம் நூற்றாண்டில் மட்டும் வேட்டையில் கொல்லப்பட்ட பெரிய திமிங்கிலங்கள் ஏறத்தாழ 29 லட்சம் என்று 2015இல் வெளிவந்த ஒரு கணக்கு சொல்கிறது. இதில் பெரும்பகுதி தென்கோளக் கடல்களில் நடந்தது. நீராவிக் கப்பல், வெடிக்கும் ஈட்டி, பிடித்ததைக் கடலிலேயே அறுத்து உருக்கும் மிதக்கும் தொழிற்சாலை, இந்த மூன்றும் சேர்ந்த பிறகு திமிங்கிலத்துக்குத் தப்பும் வழியே இல்லாமல் போனது. எதற்காக? மார்கரின் என்ற போலி வெண்ணெய், சோப்பு, இயந்திரங்களுக்கு மசகு எண்ணெய், நாய்களுக்குத் தீனி. 1960களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு 60,000க்கு மேல் கொன்றார்கள். போதாததற்கு சோவியத் கப்பல்கள் கொன்றதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைக் கணக்கில் காட்டாமலே மறைத்தன என்பது சோவியத் யூனியன் உடைந்த பிறகு, அந்தக் கப்பல்களில் வேலை பார்த்த விஞ்ஞானிகள் வழியாகவே வெளியே வந்தது.

இந்தச் சமயத்தில்தான் ரோஜர் பெய்ன் வருகிறார். 1935இல் பிறந்தவர், வௌவாலும் ஆந்தையும் ஒலியை வைத்து எப்படி இடம் அறிகின்றன என்று ஆராய்ந்த உயிரியலாளர். ஒருநாள் பாஸ்டனுக்கு அருகில் ஒரு கடற்கரையில் செத்து ஒதுங்கிய ஓங்கில் ஒன்றைப் பார்க்கப் போனார். யாரோ அதன் உடம்பில் தங்கள் பெயரின் முதலெழுத்துகளைக் கத்தியால் செதுக்கியிருந்தார்கள்; அது மூச்சுவிடும் துளையில் ஒரு சுருட்டுத் துண்டைச் செருகியிருந்தார்கள். அன்றைக்குத் திரும்பிய மனிதர் இனி திமிங்கிலம்தான் என்று முடிவு செய்தார். அவருடைய மனைவி கேட்டி பெய்ன், கார்னெல் பல்கலைக்கழகத்தில் இசையும் உயிரியலும் படித்தவர். இருவரும் 1960களின் பிற்பகுதியில் பெர்முடா போனபோது வாட்லிங்டன் அவர்களைச் சந்தித்தார். கப்பலில், ஜெனரேட்டர் இரைச்சலுக்கு நடுவே, காதில் ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு அந்த நாடாவைப் போட்டுக்காட்டினார். பல ஆண்டுகளாகப் பூட்டி வைத்திருந்ததை, இவர்கள் காப்பாற்றுவார்கள் என்று நம்பித் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

பெய்ன் அந்த நாடாவைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். கேட்கக் கேட்க ஒன்று புலப்பட்டது: இந்தச் சத்தங்கள் தாறுமாறாக வரவில்லை, வந்ததே திரும்ப வருகிறது. பிரின்ஸ்டனில் இருந்த ஸ்காட் மெக்வே அந்த ஒலியைக் காகிதத்தில் படமாக எடுத்துப் பார்த்து அதையே சொன்னார். இருவரும் சேர்ந்து 1971 ஆகஸ்டில் ‘சயன்ஸ்’ இதழில் கட்டுரை எழுதினார்கள். 7 முதல் 30 நிமிடம் வரை நீளும் ஒரு வரிசை. அது முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து அதே வரிசை. இதற்குப் பாட்டு என்று பெயர் வைத்தது உவமைக்காக அல்ல. ஆண் திமிங்கிலம்தான் பாடுகிறது என்பதும், ஒரு கடற்பகுதியில் உள்ள எல்லா ஆண்களும் ஒரே பாட்டைப் பாடுகின்றன, ஆண்டுக்கு ஆண்டு அந்தப் பாட்டை எல்லாமே சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுகின்றன என்பதும் பிறகு தெரியவந்தன. அந்த மாற்றங்களைப் பொறுமையாகக் கேட்டுக் கண்டுபிடித்ததில் கேட்டி பெய்னின் இசைப்படிப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

கட்டுரைக்கு ஓராண்டு முன்பே, 1970இல், அந்த நாடாக்கள் இசைத்தட்டாக வெளிவந்தன. ‘கூனல் முதுகுத் திமிங்கிலத்தின் பாட்டுகள்’ என்பது தலைப்பு. விலங்குச் சத்தம் மட்டுமே உள்ள ஒரு தட்டு லட்சம் பிரதிக்கு மேல் விற்றது. பாடகி ஜூடி காலின்ஸ், பழைய ஸ்காட்லாந்துத் திமிங்கில வேட்டைப் பாட்டு ஒன்றை வேறு வாத்தியமே இல்லாமல் திமிங்கிலக் குரலோடு பாடி வெளியிட்டார். வேட்டைக்காரன் பாட்டுக்கு வேட்டையாடப்படும் பிராணி பக்கவாத்தியம்! 1979 ஜனவரி ‘நேஷனல் ஜியாகிரஃபிக்’ இதழோடு மெல்லிய பிளாஸ்டிக் தட்டு ஒன்றாக அதே பாட்டுகள் 1 கோடியே 5 லட்சம் பிரதி போயின. அந்த இதழை நான் சில ஆண்டுகள் கழித்து மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகக் கடையில் பிடித்தேன். தட்டு இல்லை, கிழித்த ஓரம் மட்டும் இருந்தது. கடைக்காரர், “படமெல்லாம் சரியா இருக்கு சார், பாட்டு எதுக்கு உங்களுக்கு?” என்று சொல்லி எட்டணா குறைத்துக்கொண்டார்.

இப்போது இசைக்காரர்களிடம் வருவோம்.

முதலில் மேடையேற்றியவர் அலன் ஹோவானெஸ். 1911இல் அமெரிக்காவில் பிறந்தவர், தந்தை ஆர்மீனியர். இவரை நாம் கொஞ்சம் உரிமையோடு பேசலாம். 1959–60இல் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் சென்னைக்கு வந்து கர்நாடக இசை படித்தவர், வீணை கற்றுக்கொண்டவர், 300க்கு மேற்பட்ட ராகங்களைக் குறித்து எடுத்துக்கொண்டு போனவர். நாகூர் தர்காவுக்குப் போய்வந்த பாதிப்பில் ‘நாகூரான்’ என்று ஒரு படைப்பை எழுதி, அதைச் சென்னை ஆல் இந்தியா ரேடியோவின் வாத்தியக் குழு வாசித்து 1960 பிப்ரவரியில் ஒலிபரப்பானது. அலைச் சத்தம் கேட்கும் ஊரில் ஆண்டவர் சன்னிதியில் நின்றுவிட்டுப் போன மனிதருக்குப் பத்து ஆண்டு கழித்துக் கடல் திரும்ப வந்து கூப்பிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். ஆந்த்ரே கோஸ்டெலனெட்ஸ் கேட்டுக்கொண்டபடி ஹோவானெஸ் எழுதிய ‘கடவுள் பெரிய திமிங்கிலங்களைப் படைத்தார்’ என்ற படைப்பை 1970 ஜூன் 11 அன்று நியூயார்க் ஃபில்ஹார்மானிக் வாசித்தது. பெய்ன் கொடுத்த ஒலிநாடாவை ஆர்க்கெஸ்ட்ராவுக்கு நடுவே ஓடவிட்டார்கள். தந்தி வாத்தியக்காரர்கள் தாளமில்லாமல் ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தங்கள் வரிகளை முணுமுணுக்க, மொத்தமாகக் கேட்கும்போது அலை புரள்வதுபோல இருக்கும். ஐந்து ஸ்வர மெட்டு ஒன்று மேலே மிதக்கும்.

கேட்க இனிமைதான். ஆனாலும் எனக்கு ஒரு குறை. நாடா ஓடும்போது ஆர்க்கெஸ்ட்ரா பக்கவாத்தியமாகிவிடுகிறது; ஆர்க்கெஸ்ட்ரா வாசிக்கும்போது திமிங்கிலத்தை மறந்துவிடுகிறோம். இரண்டும் ஒரே பந்தலில் நடக்கும் இரண்டு கல்யாணம் மாதிரி.

ஜார்ஜ் கிரம் வேறு வழியில் போனார். மேற்கு வர்ஜீனியாவின் மலைநாட்டில், சார்ல்ஸ்டனில், 1929இல் பிறந்தவர்; பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் ஆசிரியர்; 1968இல் புலிட்சர் பரிசு வாங்கியவர். 1969 வாக்கில் திமிங்கில நாடா ஒன்றைக் கேட்டார். 1971இல், நியூயார்க் கேமராட்டா என்ற குழுவுக்காக, மூன்றே பேர் வாசிக்கும் ஒரு படைப்பை எழுதினார்: புல்லாங்குழல், செல்லோ, பியானோ, மூன்றுக்கும் ஒலிபெருக்கி. பெயர் லத்தீனில் ‘வோக்ஸ் பலீனே’, திமிங்கிலத்தின் குரல். 1972 மார்ச்சில் வாஷிங்டனில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் அரங்கில் முதன்முதலாக வாசிக்கப்பட்டது. சுமார் இருபது நிமிடம்.

இதில் திமிங்கில நாடா ஒரு வினாடிகூடக் கிடையாது. எல்லாச் சத்தமும் மேடையில் இருக்கும் மூன்று மனிதர்கள் கையாலும் வாயாலும் உண்டாக்குவது. ஆரம்பத்தில் புல்லாங்குழல்காரர் ஊதிக்கொண்டே குழலுக்குள் பாடவும் செய்கிறார். ஊதும் சுருதியும் பாடும் சுருதியும் ஒன்றோடொன்று உரசி, மனிதனுமில்லாத வாத்தியமுமில்லாத ஒரு குரல் கிளம்புகிறது. பியானோக்காரர் கட்டைகளை மட்டும் அழுத்தினால் போதாது. எழுந்து உள்ளே குனிந்து தந்திகளை நேரடியாக மீட்ட வேண்டும், காகித கிளிப், உளி, கண்ணாடிக் கம்பி இவற்றையும் தந்தியில் வைத்து வாசிக்க வேண்டும். செல்லோக்காரர் தந்திகளின் சுருதியை வழக்கத்திலிருந்து மாற்றிக் கட்டிக்கொள்ள வேண்டும். மூவரும் கறுப்பு அரைமுகமூடி அணிய வேண்டும், மேடையில் கருநீல வெளிச்சம் இருக்க வேண்டும் என்பதும் கிரமின் குறிப்புகள். வாசிப்பவரின் மனித முகம் மறைந்து, இயற்கையின் ஆள்சாரா சக்தி மட்டும் நிற்க வேண்டுமாம். முகமூடி விஷயத்தைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பார்த்தபோது வரவில்லை.

கிரம் எனக்குத் தெரியவந்ததே அவர் இறந்தபோதுதான். 2022 பிப்ரவரியில் 92 வயதில் காலமானார் என்ற செய்தியைப் படித்துவிட்டு யூடியூபில் தேடியபோது இந்தப் படைப்புதான் முதலில் வந்தது. அதில் கேட்ட ஒரு சத்தத்துக்காக மூன்று நாள் அலைந்தேன். செல்லோவிலிருந்து கடற்காகம் கத்துகிறது. ‘மாதிரி’ என்று சொல்ல மாட்டேன், அடுத்த அறையிலிருந்து என் மனைவி, “என்னங்க, ஏதாவது பறவை உள்ளே வந்துடுச்சா?” என்று கேட்டாள்.

எப்படி வருகிறது அந்தச் சத்தம் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். வீணை வாசிக்கிறவர்களுக்கு எளிதில் புரியும். வீணையில் மேல் ஸ்தாயிக்குப் போகப் போக மெட்டுகள் நெருங்கி வருகின்றன அல்லவா? தந்தி சிறிதாகச் சிறிதாக, ஒரே இடைவெளி ஸ்வரத்துக்கு விரல் இடைவெளி குறைய வேண்டும். செல்லோவிலும் அப்படித்தான். ஒரு விரலால் தந்தியை அழுத்திக்கொண்டு, இன்னொரு விரலால் சற்றுத் தள்ளி லேசாகத் தொட்டால் மட்டும் போடுவார்கள். அப்போது புல்லாங்குழல் போன்ற மெல்லிய உச்சக் குரல் வரும். அழுத்தும் விரலிலிருந்து குதிரை வரை இருக்கும் தந்தி நீளத்தில் சரியாகப் பாதியிலோ, மூன்றில் ஒரு பங்கிலோ, நான்கில் ஒரு பங்கிலோ தொட்டால்தான் அந்தக் குரல் வரும். ஒழுங்கான வாசிப்பில் கை நகரும்போது விரல் இடைவெளியையும் கூடவே மாற்றிக்கொள்வார்கள். கிரம், மாற்றாதே என்கிறார். விரல்களை விறைப்பாக ஒரே அளவில் வைத்துக்கொண்டு, குதிரைப் பக்கமிருந்து தலைப் பக்கமாகக் கையை இழுத்துக்கொண்டே போ. என்ன ஆகும்? முதலில் பாதிக் கணக்கில் இருந்த தொடுகை, தந்தி நீளும்போது கணக்கு தப்பிக் குரல் சரிந்து உடையும், பிறகு மூன்றில் ஒன்றாகி மறுபடி மேலே கீச்சிடும், சரியும், நான்கில் ஒன்றாகி மறுபடி. ஒரே இழுப்பில் கியா… கியா… கியா… என்று பறவை கத்திக்கொண்டே தள்ளிப் போகும். எந்த மாணவனும் செய்தால் ஆசிரியர் திட்டக்கூடிய ஒரு பிழையை எடுத்து, அதிலிருந்து ஒரு கடற்கரையையே உண்டாக்கிவிட்டார் மனிதர்.

படைப்பின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காலத்தின் தொடக்கத்துக்காக என்று ஒரு முன்னுரை. அதன் முடிவில் ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் ‘ஜரதுஷ்டிரர்’ இசையின் கம்பீரமான தொடக்கத்தைக் கேலி செய்வதுபோல ஒரு வரி. 1968இல் வந்த ‘2001: ஸ்பேஸ் ஒடிஸி’ படத்தால் அந்த இசை உலகம் முழுக்கத் தெரிந்திருந்தது, அடுத்த ஆண்டே சந்திரனில் கால் வைத்துவிட்டார்கள். ‘மனிதன் வந்துவிட்டான், பராக் பராக்’ என்பதற்கு அதுவே முத்திரை இசையாகியிருந்தது. அதைத்தான் கிரம் குழலுக்குள் முனகவிடுகிறார். பிறகு கடலின் கருப்பொருள்: செல்லோ தன் மெல்லிய உச்சக் குரலில் அமைதியாக வாசிக்க, பியானோவின் தந்திகள் அடியில் இருட்டாக மீட்டப்படுகின்றன. அதன் மேல் ஐந்து மாறுபாடுகள். ஒவ்வொன்றுக்கும் புவியியல் யுகத்தின் பெயர்: ஆர்க்கியோசோயிக், ப்ரோட்டரோசோயிக், பேலியோசோயிக், மீசோசோயிக், சீனோசோயிக். கோடிக்கணக்கான ஆண்டுகள் ஐந்து தாவலில். கடைசி யுகத்தில் இசை உச்சத்துக்குப் போகும்போது ஜரதுஷ்டிரர் வரி திரும்ப வருகிறது. மனிதன் வந்துவிட்டதன் அடையாளம். பிறகு காலத்தின் முடிவுக்காக ஒரு கடல் இரவுப்பாட்டு.

இதில் ஒரு வேடிக்கை. கடற்காகம் கத்துவது முதல் யுகமான ஆர்க்கியோசோயிக்கில். அந்தக் காலத்தில் காகமும் கிடையாது, காகம் தின்ன மீனும் கிடையாது, கடலில் நுண்ணுயிர்கள்தான். பறவை வருவதற்கு இன்னும் இருநூறு கோடி ஆண்டுக்கு மேல் இருந்தது. கிரமுக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. நானே எனக்கு ஒரு சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்: ஆளில்லாத ஆதிக் கடலை மனித மனத்தால் ஒரு பறவைக் குரலாவது இல்லாமல் நினைத்துப் பார்க்க முடியவில்லை போலிருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கிரம் இதைத் ‘திமிங்கிலத்தைக் காப்பாற்றுங்கள்’ என்ற பிரசாரமாக எழுதவில்லை. வேட்டைக் கப்பல், ரத்தம், ஈட்டி எதுவும் அதில் இல்லை. ஆனால் எழுதப்பட்ட ஆண்டைப் பாருங்கள். 1970இல் அமெரிக்கா எட்டு பெரிய திமிங்கில இனங்களை அழியும் ஆபத்தில் உள்ளவை என்று பட்டியலிட்டது. 1972இல் கடல் பாலூட்டிகளைப் பாதுகாக்கச் சட்டம் போட்டது. அதே 1972 ஜூனில் ஸ்டாக்ஹோமில் நடந்த ஐ.நா. சுற்றுச்சூழல் மாநாடு வணிக வேட்டையைப் பத்து ஆண்டு நிறுத்தச் சொன்னது. ‘காலத்தின் முடிவு’ என்று கிரம் எழுதியபோது, அந்தப் பிராணிக்கு அது கவிதையாக இல்லை, நடந்துகொண்டிருந்தது. அரங்கில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அதைத் தனியாகச் சொல்லவேண்டிய தேவை இருந்திருக்காது.

பிரசாரத்துக்காகவே எழுதப்பட்ட நல்ல இசையும் உண்டு. ஜப்பானிய இசையமைப்பாளர் டோரு டகெமிட்சு 1981இல் கிரீன்பீஸ் அமைப்பின் திமிங்கிலப் பாதுகாப்பு இயக்கத்துக்காக ‘கடலை நோக்கி’ என்று எழுதினார். ஆல்டோ புல்லாங்குழலும் கித்தாரும் மட்டும். பிறகு தந்தி வாத்தியக் குழு சேர்ந்த இன்னொரு வடிவமும் செய்தார். அதன் மூல ஸ்வரங்கள் மூன்று. ஜெர்மன் முறையில் ஈ ஃபிளாட்டை ‘எஸ்’ என்று சொல்வார்கள். அதோடு ஈ, ஏ சேர்த்தால் கடல் என்பதற்கான ஆங்கிலச் சொல் வந்துவிடும். திமிங்கில வேட்டையை விடவே மாட்டோம் என்று நின்ற நாட்டிலிருந்து ஒருவர் இதை எழுதினார் என்பதால் எனக்கு மதிப்பு கூடுகிறது.

சரி, இசையா திமிங்கிலத்தைக் காப்பாற்றியது? கிரமின் படைப்பைக் கேட்டவர்கள் சில ஆயிரம் பேர் இருந்திருப்பார்கள், அதைச் சொல்லவில்லை. அந்த நாடாவைத்தான் சொல்கிறேன். ஆர்வலர்கள் எழுதுவதைப் படித்தால் பாட்டு கேட்டது, உலகம் அழுதது, வேட்டை நின்றது என்று இருக்கும். அவ்வளவு நேர்கோட்டில் எதுவும் நடப்பதில்லை. 1970க்குள் திமிங்கில எண்ணெய்க்குப் பதிலாகத் தாவர எண்ணெயும் பெட்ரோலியமும் வந்துவிட்டன. பிடிக்கப் போனால் திமிங்கிலமும் கிடைக்கவில்லை. பெரும்பாலான நாடுகளுக்குக் கப்பல் அனுப்புவதே நஷ்டம். கூனல் முதுகு இனத்தை வேட்டையாடக் கூடாது என்று சர்வதேசத் திமிங்கில ஆணையம் 1966லேயே, பாட்டு வெளிவரும் முன்பே, சொல்லிவிட்டது. ஆனால் அந்தப் பாட்டு இல்லாவிட்டால், கடலோரமே இல்லாத ஊர்க்காரனுக்குத் திமிங்கிலத்தின் மேல் என்ன அக்கறை வந்திருக்கும்? 1979இல் செஷல்ஸ் என்ற குட்டித் தீவு நாட்டின் முயற்சியில் இந்தியப் பெருங்கடல் திமிங்கிலச் சரணாலயமானது. 1982இல் ஆணையத்தில் 25க்கு 7 என்ற வாக்கில் வணிக வேட்டைக்குத் தடை நிறைவேறி, 1986இலிருந்து நடைமுறைக்கு வந்தது. எண்ணெய்க்கு மவுசு போனதாலும் ஓட்டு விழுந்தது, பாட்டாலும் விழுந்தது. எவ்வளவு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எந்த மீட்டரும் இல்லை.

பலன் கிடைத்தது என்பதில் மட்டும் சந்தேகமில்லை. தென்மேற்கு அட்லாண்டிக்கில் ஒரு காலத்தில் 450 அளவுக்குக் குறைந்துபோன கூனல் முதுகுத் திமிங்கிலங்கள் இப்போது சுமார் 25,000 ஆகிவிட்டன என்று 2019இல் மதிப்பிட்டார்கள். வேட்டைக்கு முன் இருந்த எண்ணிக்கையைக் கிட்டத்தட்டத் தொட்டுவிட்டன. வடக்கு அட்லாண்டிக்கின் ‘ரைட்’ திமிங்கிலத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை; 400க்கும் குறைவாகவே இருக்கின்றன. இப்போது அவற்றைக் கொல்வது ஈட்டி அல்ல. மீன்பிடிக் கயிறும் கப்பல் மோதலும். ஜப்பான் 2019இல் ஆணையத்தை விட்டே விலகித் தன் கடலில் மறுபடி வேட்டையைத் தொடங்கிவிட்டது.

இதையெல்லாம்விட என் தொழில் புத்திக்கு உறைத்தது இன்னொரு கணக்கு. கலிபோர்னியாவுக்கு அப்பால் ஒரே இடத்தில் 1964–66இலும் பிறகு 2003–04இலும் கடலடி ஒலியை அளந்தார்கள். 30 முதல் 50 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியில் இரைச்சல் 10–12 டெசிபெல் கூடியிருந்தது. டெசிபெல் என்றால் சின்ன எண்ணாகத் தெரியும். 3 டெசிபெல் கூடினால் சக்தி இரட்டிப்பு; 10 கூடினால் பத்து மடங்கு. எங்கள் லைனில் இரைச்சல் இப்படிப் பத்து மடங்கு ஏறியிருந்தால் சந்தாதாரர் வீட்டுக்கே வந்து சட்டையைப் பிடித்திருப்பார். காரணம் கப்பல்கள், அவற்றின் புரொப்பெல்லர். அந்த அலைவரிசையில்தான் பெரிய திமிங்கிலங்கள் ஒன்றையொன்று கூப்பிடுகின்றன. புரொப்பெல்லர் வருவதற்கு முந்திய அமைதியான கடலில் ஒரு துடுப்புத் திமிங்கிலத்தின் குரல் பெருங்கடலையே தாண்டியிருக்க முடியும் என்று பெய்ன் டக்ளஸ் வெப்புடன் சேர்ந்து 1971லேயே கணக்குப் போட்டுக் காட்டினார். டிரங்க் கால் போட்டால் கண்டம் தாண்டிக் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவில், நாம் போய் மாவு மில் வைத்துவிட்டோம்.

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு சில நாட்கள் வட அமெரிக்கக் கிழக்குக் கரையில் கப்பல் போக்குவரத்து வெகுவாகக் குறைந்தது. கனடாவின் ஃபண்டி வளைகுடாவில் தற்செயலாக அப்போது ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. இரைச்சல் 6 டெசிபெல் குறைந்தது. அந்த நாட்களில் ரைட் திமிங்கிலங்களின் சாணத்தில் மன அழுத்த ஹார்மோனின் அளவும் இறங்கியிருந்தது. இந்த முடிவு 2012இல் வெளியானது. நாம் கதிகலங்கி உட்கார்ந்திருந்த அந்த வாரம்தான் அவற்றுக்குக் கொஞ்சம் நிம்மதி.

செல்லோவுக்கே திரும்புகிறேன். 2013இல் மினசோட்டா பல்கலைக்கழக மாணவர் டேனியல் க்ராஃபர்ட், தனிச் செல்லோவுக்கு ஒரு சிறு படைப்புச் செய்தார். 1880 முதல் 2012 வரை ஆண்டுக்கு ஒரு ஸ்வரம். நாசா தொகுத்த புவி வெப்ப அளவுதான் ஸ்வரத்தை நிர்ணயிக்கும். மிகக் குளிர்ந்த ஆண்டுக்குச் செல்லோவின் ஆக அடி ஸ்வரம், 0.03 டிகிரிக்கு ஒரு அரைஸ்வரம் ஏறும். மூன்று ஸ்தாயி ஏறி முடிகிறது. இந்த நூற்றாண்டு முடிவுக்குள் எதிர்பார்க்கும் வெப்பத்தையும் வாசித்தால் ஸ்வரங்கள் மனிதக் காதுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடும் என்று ஒரு குறிப்பு. கூடுதல் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் கடல்தான் வாங்கிக்கொள்கிறது என்பதால் இதுவும் கடல் கதைதான். கேட்கும்போது தயங்கித் தயங்கி ஏறும் ஓர் ஆலாபனை போலிருக்கும், ஆனால் ராகம் கிடையாது; ஒரு வரைபடத்தைக் காதால் படிக்கிற உணர்வுதான். சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறது, இரண்டாம் முறை கேட்கத் தோன்றவில்லை. கிரமை நான் இதுவரை இருபது முறையாவது கேட்டிருப்பேன்.

கேட்க நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை. முதலில் பெய்னின் 1970 இசைத்தட்டைக் கேளுங்கள், இணையத்தில் கிடைக்கிறது. ஐந்து நிமிடம் போதும். பிறகு ‘வோக்ஸ் பலீனே’. செல்ஃபோனின் சின்ன ஸ்பீக்கரில் வேண்டாம், பாதிக் கடல் காணாமல் போய்விடும். கேட்பதோடு பார்ப்பதும் நல்லது. கடைசிப் பகுதியில் செல்லோக்காரரும் குழல்காரரும் வாத்தியத்தை விட்டுவிட்டுச் சின்னஞ்சிறு வெண்கலத் தாளங்களை மாறி மாறித் தட்டுவார்கள். முடிவில் பத்து ஸ்வரம் கொண்ட ஒரு வரி திரும்பத் திரும்ப வந்து தேய்ந்துகொண்டே போகும். கடைசித் தடவை அதைச் சத்தமில்லாமல் வாசிக்க வேண்டும் என்பது கிரமின் கட்டளை: கை அசையும், ஒலி வராது. லைன் போய்விட்டது என்று நினைத்து அங்கே அணைத்துவிடாதீர்கள்.